‘திட்ட மதிப்பீடு’ என்றால் எத்தனை லட்சம்?

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் தாளில் அடிக்கடி தலைகாட்டும் ஐந்து மார்க் கேள்வி ஒன்று உண்டு. ப்ராஜெக்டுக்கும் புரோகிராமுக்கும் என்ன வித்தியாசம்? எங்கள் செட்டில் புழங்குகிற ஜெராக்ஸ் நோட்ஸில் இதற்கு இரண்டே வரியில் விடை இருக்கிறது. ப்ராஜெக்ட் சின்னது, புரோகிராம் பெரியது. ப்ராஜெக்டுக்குக் காலக்கெடு உண்டு, புரோகிராமுக்குக் கிடையாது. இதை எழுதினால் நாலு மார்க் நிச்சயம். அந்த நாலு மார்க்கைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. இந்த இரண்டு வரியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நாளைக்கு நம்மில் சிலர் குரூப் தேர்வு எழுதி யூனியன் ஆபீஸிலும், தணிக்கையிலும், என்.ஜி.ஓ.க்களிலும் போய் உட்காரப் போகிறோமே, அதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

விஷயம் இதுதான். புரோகிராம் என்ற ஒரே சொல்லை இரண்டு தொழில்காரர்கள் இரண்டு அர்த்தத்தில் புழங்குகிறார்கள். ஒருவர் ப்ராஜெக்ட் மேனேஜர். இன்னொருவர் புரோகிராம் எவால்யுவேஷன் செய்கிறவர், அதாவது போட்ட திட்டம் பலன் தந்ததா என்று ஆராய்கிறவர். இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து “புரோகிராம் சக்ஸஸ்” என்று கை குலுக்கிக்கொண்டாலும் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. சொல் குழம்பிக் கிடப்பது யாருடைய சதியும் இல்லை. ஆனால் அந்தக் குழப்பத்தால் யாருக்கு லாபம் என்று பாருங்கள், எப்போதும் வேலையை முடித்தவர் பக்கம்தான் தராசு சாய்கிறது. வேலை யாருக்காக நடந்ததோ, அவரை யாரும் கேட்பதில்லை.

தமிழில் நிலைமை இன்னும் மோசம். ஐந்தாண்டுத் திட்டம் என்கிறோம், அது பிளான். சேது சமுத்திரத் திட்டம் என்கிறோம், அது ப்ராஜெக்ட். சத்துணவுத் திட்டம் என்கிறோம், அது புரோகிராம். முதியோர் உதவித்தொகைத் திட்டம் என்கிறோம், அது ஸ்கீம். நாலு சாமானுக்கும் ஒரே பாத்திரம். இது போதாதென்று ‘மதிப்பீடு’ என்ற சொல் வேறு. 2005 ஜூலை 2 அன்று மதுரையில் சேது சமுத்திரத் திட்டத்தைத் தொடங்கி வைத்தபோது அதன் ‘திட்ட மதிப்பீடு’ 2,427 கோடி ரூபாய். அந்த இடத்தில் மதிப்பீடு என்றால் எஸ்டிமேட். ஒரு திட்டம் மக்களுக்கு என்ன செய்தது என்று பின்னாளில் ஆராய்வதற்கும் நம்மிடம் இருக்கிற பெயர் ‘திட்ட மதிப்பீடு’தான். ஆக, தொடங்குவதற்கு முன்னால் போடும் கணக்குக்கும், முடிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்விக்கும் ஒரே பெயர். முன்னதை எழுதிவிட்டால் பின்னதும் எழுதியாகிவிட்டது போல ஒரு திருப்தி வந்துவிடுகிறது.

எங்கள் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் தூர் வாரும் வேலைக்காகக் கரையில் போர்டு நட்டிருந்தார்கள். பணியின் பெயர், மதிப்பீடு, நிதியாண்டு எல்லாம் எழுதியிருந்தது. என் ஐயா (அப்பாவின் அப்பா) கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்.

“என்னப்பு, மதிப்பீடு இத்தனை லெச்சம்னு எழுதியிருக்கான். வேலையே இன்னும் ஆரம்பிக்கல. அதுக்குள்ள என்னத்த மதிச்சுப் பாத்தானாம்?”

“அது எஸ்டிமேட்டுய்யா.”

“அப்ப வேல முடிஞ்சு மதிச்சுப் பாக்குறதுக்கு வேற போர்டு வப்பானா?”

வைக்கவில்லை. ஆறாவது வரை படித்த மனுஷர் கேட்ட கேள்வி, பி.காம் சிலபஸில் இல்லை :-)

சரி, முதலில் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நியாயமாகப் பார்த்துவிடுவோம். பிரிட்டிஷ் அரசு இதற்கென ஒரு வழிகாட்டி நூலை 1999-ல் கொண்டுவந்தது. அமெரிக்காவின் பி.எம்.ஐ. அமைப்பு புரோகிராம் மேனேஜ்மென்டுக்கான தன் தர நூலை 2006-ல் முதல் முறையாக வெளியிட்டது. இரண்டிலும் சாரம் ஒன்றுதான். ஒன்றோடொன்று தொடர்புள்ள பல ப்ராஜெக்டுகளைத் தனித்தனியாக நடத்தினால் கிடைக்காத ஒரு பலன், சேர்த்து நடத்தினால் கிடைக்கும் என்றால், அந்தக் கட்டுக்குப் பெயர் புரோகிராம். இதில் பெரிசு சின்னசு என்ற பேச்சே இல்லை. ஆயிரம் கோடி ரூபாய்ப் பாலம் ஒற்றை ப்ராஜெக்டாக இருக்கலாம். பத்து லட்சத்தில் நாலு வேலையைச் சேர்த்துக் கட்டினால் அது புரோகிராமாக இருக்கலாம்.

காரைக்குடிக்காரர்களுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் எதற்கு? அழகப்பர் இருக்கிறாரே. 1947-ல் கலைக் கல்லூரி. பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. 1952-ல் பொறியியல் கல்லூரி. அப்புறம் பாலிடெக்னிக். நடுவில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை இங்கே வரவழைத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14-ல் ஆய்வகம் திறந்தது. ஒவ்வொன்றும் ஒரு ப்ராஜெக்ட். இடம், கட்டிடம், ஆள், திறப்பு விழா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. ஆனால் எல்லாம் அடுத்தடுத்து ஒரே வளாகத்தைச் சுற்றி வந்ததால்தான் ஒரு வியாபார ஊர் படிப்பு ஊராக மாறியது. 1985-ல் ஒரு பல்கலைக்கழகமே இங்கே அமைய முடிந்தது. புரோகிராம் என்ற வார்த்தையை அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. அவர் செய்தது அதைத்தான்.

இப்போது இன்னொரு தொழில்காரரைக் கூப்பிடுவோம். எவால்யுவேட்டர் இதே அழகப்பர் கதையைக் கேட்டுவிட்டு வேறு மாதிரி தலையைச் சொறிவார். “கட்டிடம் எல்லாம் சரி. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் படித்தார்களா? கல்லூரி இங்கே வராமல் இருந்திருந்தால் அதே பிள்ளைகள் மதுரைக்கோ சிதம்பரத்துக்கோ போய்ப் படித்திருப்பார்களா, இல்லை பர்மாக் கடைக் கணக்குப்பிள்ளையாகவே நின்றிருப்பார்களா?” அவருக்குப் புரோகிராம் என்பது ப்ராஜெக்டுகளின் கட்டு அல்ல. ‘இதைச் செய்தால் இன்னாருக்கு இது நடக்கும்’ என்கிற ஒரு வாக்கு. தமிழில் இதற்கு அருமையான விகுதி இருக்கிறது. செய்தால், கொடுத்தால், வாரினால். அந்த ‘ஆல்’ எங்கே இருக்கிறதோ அங்கேதான் எவால்யுவேட்டரின் புரோகிராம் இருக்கிறது. ஒரு டீச்சர் சாயங்காலம் வாசிக்கத் தெரியாத ஆறு பிள்ளைகளை உட்காரவைத்துச் சுண்டல் கொடுத்துக் கதை படித்துக் காட்டினால் அதுவும் ஒரு புரோகிராம். அதில் ஒரு ப்ராஜெக்டும் கிடையாது, பட்ஜெட்டும் கிடையாது. ஆனால் ‘ஆல்’ இருக்கிறது.

பி.எம்.பி. சர்ட்டிபிகேட் வாங்கிய சீனியர் அண்ணன்கள் இந்த இடத்தில் பாய்வார்கள் என்று தெரியும். “தம்பி, எங்க புஸ்தகத்துலயும் பெனிஃபிட் இருக்கு, சும்மா பேசாதே” என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே பெனிஃபிட் என்பது பெரும்பாலும் பணம் போட்ட நிறுவனம் எதிர்பார்த்து முன்கூட்டியே எழுதி வைத்த பலன். அது வந்ததா என்று பட்டியலில் டிக் அடிப்பார்கள். ‘நாம் ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்திருந்தாலும் இது வந்திருக்குமா?’ என்ற கேள்வி அவர்களுடைய அன்றாட வேலையில் மையம் இல்லை. எவால்யுவேட்டருக்கு அந்தக் கேள்விதான் சோறு. இரண்டு தொழிலும் பிரியும் இடம் இதுதான், பெரிசு சின்னசு இல்லை.

கண்மாய்க்கே திரும்புவோம், இதை அங்கே வைத்துப் பேசினால்தான் புரியும். 2017-ல் குடிமராமத்து மறுபடி தொடங்கியபோது முதல் கட்டம் 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். பாசன விவசாயிகள் சங்கமே வேலையை எடுத்துச் செய்யலாம், பத்து சதவீதம் அவர்கள் பங்கு, உழைப்பாகவும் தரலாம். யோசனை நல்ல யோசனைதான். ப்ராஜெக்ட் கண்ணால் பார்த்தால் கேள்விகள் இவை: எத்தனை கண்மாய், எத்தனை கனமீட்டர் மண், மடை கட்டியாயிற்றா, கலுங்கு பூசியாயிற்றா, பில் பாஸ் ஆயிற்றா? எல்லாவற்றுக்கும் விடை எம்.புக்கில் இருக்கும்.

புரோகிராம் கண்ணால் பார்த்தால் வாக்கு வேறு. தூர் வாரினால் கூடுதல் தண்ணீர் நிற்கும். நின்றால் மடை வழியாகக் கடைசி வயல் வரை பாயும். பாய்ந்தால் தை மாதத்தில் பயிர் கருகாமல் கதிர் முற்றும். மூன்று ‘ஆல்’. ஒன்று அறுந்தாலும் மண் வாரியது மண் வாரியதோடு சரி. சிவகங்கைச் சீமையில் அது எங்கே அறும் என்று கரையில் நிற்கிற எவரும் சொல்வார்: வரத்துக்காலில். கண்மாய்க்குள் ஆறடி ஆழம் தோண்டிவிட்டு, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயைச் சீமைக்கருவேலுக்கும், பிளாட் போட்டவருக்கும் விட்டுவிட்டால் ஆறடிக் குழியில் என்ன நிற்கும்? வரத்துக்கால் இன்னொரு ஊர் எல்லையில் இருக்கும், சில சமயம் இன்னொரு துறையின் பொறுப்பில் இருக்கும். கண்மாய் வேலையின் எஸ்டிமேட்டில் அது வராது. ப்ராஜெக்ட் நூற்றுக்கு நூறு, புரோகிராம் பூஜ்யம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதைத்தான் அந்த ஜெராக்ஸ் நோட்ஸ் சொல்லித் தருவதில்லை.

இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைவு. குடிநீருக்கே அல்லாடிய வருஷம். அடுத்த வருஷம் மழை அதைவிட எவ்வளவோ பரவாயில்லை. அப்படியானால் 2016 கண்மாயின் போட்டோவையும் 2017 கண்மாயின் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “பாருங்கள் குடிமராமத்தின் வெற்றி” என்று யார் காட்டினாலும் அவர் காட்டுவது வருண பகவானின் வெற்றியை. நியாயமாகப் பார்க்க வேண்டுமென்றால், அதே மழை பெய்து, அதே ஆற்றுப் படுகையில் இருந்து, தூர் வாராமல் விட்ட பக்கத்து ஊர்க் கண்மாயில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல்லும் ஒரு நோட்டும் போதும். அந்தப் பக்கத்து ஊர்க் கண்மாய் எந்த ப்ராஜெக்ட் ஃபைலிலும் இருக்காது, ஏனென்றால் அங்கேதான் வேலையே நடக்கவில்லையே!

பலன் வரவில்லை என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கேரல் வைஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1972-ல் எவால்யுவேஷன் பற்றி எழுதிய புத்தகம் இந்தத் துறையின் பால பாடங்களில் ஒன்று. அவர் முதலான முன்னோடிகள் வலியுறுத்தியது இது: திட்டம் தோற்றால் இரண்டில் எது தோற்றது என்று பிரித்துப் பார். செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்யாமல் தோற்றதா? சரியாகச் செய்தும், அடியில் இருந்த எண்ணமே தவறானதால் தோற்றதா? முன்னது என்றால் ஆளை மாற்று. பின்னது என்றால் திட்டத்தையே மாற்று. நம் ஊரில் எப்போதும் ஆளைத்தான் மாற்றுகிறோம்.

காமர்ஸ் பிள்ளைகளுக்கான ஸ்பெஷல் பொறி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதன் பெயர் பெர்ட். விரித்துச் சொன்னால் புரோகிராம் எவால்யுவேஷன் அண்டு ரிவியூ டெக்னிக். பெயரிலேயே புரோகிராம் எவால்யுவேஷன் இருக்கிறது, ஆகவே சத்துணவுத் திட்டத்தை எவால்யுவேட் செய்வதென்றால் பெர்ட் போட வேண்டும் என்று ஒரு செமினாரில் ஒருவர் ஸ்லைடு போட்டுச் சொன்னார். கைதட்டினார்கள். அண்ணாச்சி, பெர்ட் பிறந்தது 1958-ல், அமெரிக்கக் கடற்படையில். நீர்மூழ்கியிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணைக்காக. அதில் வருகிற புரோகிராம் ப்ராஜெக்ட் மேனேஜர்களின் புரோகிராம், ஆயிரக்கணக்கான காண்ட்ராக்டர் வேலைகளின் கட்டு. அதில் வருகிற எவால்யுவேஷன் என்பது கால அட்டவணையைச் சோதிப்பது. சீக்கிரம் முடிந்தால் எத்தனை நாள், சாதாரணமாக எத்தனை நாள், இழுத்தால் எத்தனை நாள் என்று மூன்றையும் எடுத்து, நடுவில் உள்ளதை நாலால் பெருக்கிக் கூட்டி ஆறால் வகுக்கிறோமே, அது நாளைத்தான் சொல்லும். ஏவுகணையால் உலகத்துக்கு நல்லது நடந்ததா என்று அந்த ஃபார்முலாவிடம் யாரும் கேட்கவில்லை.

கொசுறாக ஒன்று. ஹார்வி சபோல்ஸ்கி என்ற ஆய்வாளர் போலாரிஸ் கதையைக் கிளறி 1972-ல் ஒரு புத்தகம் போட்டார். பெர்ட்டால் வேலை வேகமானது என்பதைவிட, அந்த வண்ண வண்ண சார்ட்டுகளைக் காட்டி வெளியாட்களின் தலையீட்டைத் தடுக்க முடிந்ததுதான் அதன் பெரிய உபயோகம் என்கிறது அவர் வாதம். கலெக்டர் ஆபீஸ் ரிவியூ மீட்டிங்கில் பவர்பாயின்ட் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

டெல்லியிலும் இதே கூத்துதான், இன்னும் பெரிய மேடையில். 1952 அக்டோபர் 2-ல் 55 சமுதாய ப்ராஜெக்டுகளோடு சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதே மாதம் அதை ஆராய்வதற்கென்றே திட்டக் கமிஷனுக்குக் கீழே புரோகிராம் எவால்யுவேஷன் ஆர்கனைசேஷன் என்ற அமைப்பும் தொடங்கியது. சுதந்திரம் வந்து ஐந்து வருஷத்தில், வேலை தொடங்கும்போதே மதித்துப் பார்க்கவும் ஆள் போட்ட நாடு இது. அந்தப் புத்தி நமக்கு அப்போதே இருந்திருக்கிறது. 1957-ல் பல்வந்த்ராய் மேத்தா குழு, மக்கள் தங்கள் வேலையாக இதை எடுத்துக்கொள்ளவில்லை என்று கண்டுசொல்லி, பஞ்சாயத்து ராஜுக்கு வழி காட்டியது. அந்த அமைப்பு மெல்ல மெல்ல மங்கி, 2015 செப்டம்பரில் நிதி ஆயோக்கின் ஓர் அலுவலகத்துக்குள் கரைந்தது. இந்தப் பக்கம் 1999-ல் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம் என்று ஒன்று உருவானது. ஆங்கிலப் பெயரில் புரோகிராம் என்றே இருக்கிறது. அதன் பெயர் செய்தியில் அதிகம் அடிபடுவது எப்போது? 150 கோடிக்கு மேற்பட்ட மத்திய ப்ராஜெக்டுகளில் இத்தனை தாமதம், இத்தனை கோடி கூடுதல் செலவு என்று பட்டியல் வரும்போது.

நம் சிவகங்கைத் தொகுதி எம்.பி.யாக இருந்த ப.சிதம்பரம் நிதியமைச்சராக 2005 பட்ஜெட் உரையில், பணம் ஒதுக்கியதாலேயே பலன் வந்துவிடாது என்ற எச்சரிக்கையைச் சொன்னார். அந்த வருஷமே அவுட்கம் பட்ஜெட்டும் வந்தது. கட்சி விருப்பு வெறுப்பைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால் மிகச் சரியான அடி. நடந்தது என்ன? ‘விளைவு’ என்ற கட்டத்தில் பல துறைகள் இத்தனை கிலோமீட்டர் சாலை, இத்தனை பேருக்குப் பயிற்சி என்று நிரப்பிக் கொடுத்தன. சாலை போட்டது வேலை. அந்தச் சாலையில் பிரசவ வலிக்காரி நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாளா என்பது விளைவு. 2017-க்குப் பிறகு வேலைக்கு ஒரு கட்டம், விளைவுக்கு ஒரு கட்டம் என்று பிரித்துப் போட வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருஷம் ஆனது ஒரு கோடு கிழிக்க!

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1980-ல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆங்கிலப் பெயரில் அது ப்ராஜெக்ட். கைக்குழந்தைகளை மாதாமாதம் எடை போட வேண்டும். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு, தேறினால் நிறுத்திவிட வேண்டும், கூடவே தாய்க்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்தபோது 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அது நேர் எதிர். தேர்ந்தெடுப்பதே கிடையாது, தட்டோடு வந்தால் சோறு. முடிவுத் தேதி கிடையாது. முதலாவதை ஆராய வந்தவர்களுக்குத் தலைவலி ஆரம்பித்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த ஒன்றியங்களிலும் இப்போது சோறு வந்துவிட்டது. குழந்தை தேறியது எடை போட்டதாலா, மதியச் சோற்றாலா? கடும் ஊட்டச்சத்துக் குறைவு குறைந்தது என்னவோ உண்மை. எதனால் எவ்வளவு என்பதில் நிபுணர்கள் வெகுகாலம் வாதாடினார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். ப்ராஜெக்ட் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒன்று எவால்யுவேட்டரின் கண்ணில் சுத்தமான புரோகிராம், ஒவ்வொரு ‘ஆல்’லும் எழுதிவைத்து, சோதிக்கத் தயாராக வந்தது. சத்துணவோ எதையும் எழுதி வைக்காமலே வந்தது. வெறும் ஓட்டுத் திட்டம் என்று அன்றைக்குத் திட்டியவர்கள் உண்டு. ஆனால் பசி தீர்ந்தது, பள்ளிக்கூடம் நிறைந்தது, ஆதரவற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் ஆயா வேலைக்கு வந்தார்கள், ஒரே பந்தியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். பின்னாளில் தலித் பெண் சமைத்ததைச் சாப்பிட மாட்டோம் என்று சில ஊர்களில் கிளம்பிய எதிர்ப்பைப் பார்த்தால், அந்தப் பந்தி எந்த இடத்தில் போய்க் குத்தியது என்று புரியும். சமையற்கூடம் எத்தனை, அரிசி எத்தனை டன் என்ற ப்ராஜெக்ட் கணக்கில் இதில் எதுவுமே வராது.

அதனால்தான் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைப் பற்றி வந்த செய்தி என்னை உறுத்தியது. மாநிலத் திட்டக் குழு ஆராய்ந்ததில், முதல் கட்டத்தின் 1,543 பள்ளிகளில் 1,319-ல் வருகை கூடியிருக்கிறது என்றார்கள். நல்ல எண். ஆனால் எதோடு எதை ஒப்பிட்டது? 2022 ஜூன், ஜூலை மாதங்களோடு 2023 ஜனவரி, பிப்ரவரியை. ஜூன் மாதம் அட்மிஷன் மாதம். அதுவும் கொரோனாவுக்குப் பிறகு ஒழுங்காகத் தொடங்கிய முதல் ஜூன். மற்றப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த உணவு போனது 2023 ஆகஸ்ட் 25-ல்தான். அதுவரை, இட்லி உப்புமா போகாத ஆயிரக்கணக்கான பள்ளிகள் பக்கத்திலேயே இருந்தன. அங்கே அதே எட்டு மாதத்தில் வருகை கூடியதா குறைந்ததா? செய்தியில் அடிபட்ட எண்ணில் அது இல்லை. இந்தத் திட்டம் நல்ல திட்டம் என்று நம்புகிறவன் என்பதால்தான் கேட்கிறேன். பிடிக்காத ஆட்சி வந்து நிறுத்தப் பார்த்தால், காட்டுவதற்குக் கையில் கெட்டியான கணக்கு வேண்டாமா?

“பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவதற்கு நிரூபணம் கேட்கிறாயா, நீயெல்லாம் மனுஷனா?” என்று ஒரு நண்பன் ஏற்கெனவே திட்டிவிட்டான். அவன் கோபம் நியாயமானது. அவனுக்கு என் பதில்: அப்படியானால் அதையே வாக்காகச் சொல். ‘காலையில் எந்தப் பிள்ளையும் வெறும் வயிற்றோடு பெஞ்சில் உட்காராது’ என்பதே போதுமான புரோகிராம். அதை அளப்பதும் சுலபம், எத்தனை பிள்ளை சாப்பிட்டது, சாப்பிட்டதா குப்பையில் கொட்டியதா என்று பார்த்தால் தீர்ந்தது. அதை விட்டுவிட்டு வருகை கூடும், மார்க் கூடும், ரத்தசோகை குறையும் என்று நாமே ‘ஆல்’களை அடுக்கிவிட்டு, கேள்வி கேட்டவனை மனுஷனா என்று கேட்டால் எப்படி?

வாக்கு மாறினால் புரோகிராமே மாறிவிடும் என்பதற்கு நம் வகுப்பிலேயே அத்தாட்சி இருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம், பெண் படித்திருந்தால் கல்யாணத்துக்குப் பணமும் பின்னாளில் தாலிக்குத் தங்கமும் கொடுத்தது. 2022 செப்டம்பர் 5-ல் அதே அம்மையார் பெயரில் அது புதுமைப் பெண் திட்டமாக உருமாறி, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் என்றானது. ப்ராஜெக்ட் ஃபைலில் இது ‘திட்டம் திருத்தியமைக்கப்பட்டது’ என்று ஒரு வரி. ஆனால் முன்னது கல்யாணத்தை வாசலாக வைத்த ‘ஆல்’. பின்னது கல்லூரியை வாசலாக வைத்த ‘ஆல்’. ஒன்றின் வெற்றியை அளக்கிற கோலால் இன்னொன்றை அளக்க முடியாது. ஆயிரம் ரூபாய் வாங்கியவர் எத்தனை லட்சம் பேர் என்று விளம்பரம் வருகிறதே, அது எத்தனை பேருக்கு மண் வாரினோம் என்கிற கணக்கு. அந்த ஆயிரம் இல்லையென்றால் ப்ளஸ் டூவோடு மில்லுக்குப் போயிருக்கக்கூடிய பெண் யார், எப்படியும் காலேஜுக்கு வந்திருக்கக்கூடியவள் யார்? என் வகுப்புத் தோழிகளுக்கு இது தெரியும். பஸ் பாஸுக்கும் செமஸ்டர் ஃபீஸுக்கும் நடுவில் அந்தப் பணம் எங்கே போய் அடைத்தது என்று அவர்கள் சொல்வார்கள். யாராவது போய்க் கேட்டால்.

கேட்பதற்கு ஒரு இடமும் சட்டப்படி இருக்கிறது. 2022-லிருந்து தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினமும் சேர்ந்தது. வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்கள், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவார்கள். கண்மாய் வேலை வாசிப்பில் வரும்போது “எத்தனை லட்சம் செலவாச்சு?” என்று கேட்கிறவர் இப்போதும் இருக்கிறார், அவர் கேட்கட்டும். நீங்கள் எழுந்து, கடைசி மடைக்காரர் வயலுக்கு இந்த வருஷம் எத்தனை தண்ணி பாய்ந்தது, தூர் வாராத பக்கத்து ஊரில் கடைசி மடைக்கு எத்தனை பாய்ந்தது என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.